விழாத வீரரை வீழ்த்தியது எது?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா என்றால் கபடிப் போட்டியும் உண்டு. பிடிபட்ட வாலிபன் சில சமயம் பின்மண்டை தரையில் மோத விழுவான். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அவன் எழுந்து மறுபடி பாடிப் போவான். கூட்டம் கை தட்டும்.

எழுந்துவிட்டால் போதுமா? உலகப் புகழ் பெற்ற குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது.

இரவல் பெயர்

அமெரிக்காவில் ஏழைக் கறுப்பர் குடும்பம் ஒன்றில் 1921-ம் ஆண்டு மே 3-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வாக்கர் ஸ்மித். போட்டியில் சேர வயது போதவில்லை. ரே ராபின்சன் என்ற வேறொரு பையனின் அட்டையைக் காட்டி மேடை ஏறினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சர்க்கரை போல இனிக்கும் ஆட்டம் என்று புகழ்ந்து, "சுகர்" என்ற பட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

பலித்த கனவு

1946-ல் உலகப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஜூன் 24-ந் தேதி கிளீவ்லாந்து நகரில் ஜிம்மி டாயில் என்ற இளைஞரோடு மோத வேண்டும். தம் குத்தில் டாயில் இறந்துபோவதாக முந்தின இரவு கனவு கண்டார் ராபின்சன். சண்டையே வேண்டாம் என்று மறுத்தார். பாதிரியார் ஒருவர் தைரியம் சொல்லி அனுப்பினார்.

8-வது சுற்றில் டாயில் சாய்ந்தார். மறுநாள் மாண்டார்!

டாயில் அதற்கு முந்தின ஆண்டு அதே நகரில் குத்து வாங்கி, மூளை அதிர்ச்சியுடன் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவரை மறுபடி மேடை ஏற்றியிருந்தார்கள். மகனை இழந்த தாய்க்கு ராபின்சன் பண உதவி செய்தார்.

மறந்துபோன வெற்றிகள்

25 ஆண்டுகள், சுமார் 200 சண்டைகள். எந்தக் குத்தும் அவரை எழுந்திருக்க முடியாமல் செய்ததில்லை. 1952-ல் ஒரே ஒருமுறை பாதியில் நின்றார். அதுவும் குத்தினால் அல்ல; கடும் வெப்பத்தினால்!

1965-ல் ஓய்வு பெற்றார். 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அங்கே குத்துச்சண்டை மட்டும் கிடையாது.

பிறகு நினைவு மங்கத் தொடங்கியது. அல்சைமர் என்னும் மறதி நோய் என்றார்கள் டாக்டர்கள். 1989 ஏப்ரல் 12-ந் தேதி, 67-வது வயதில் காலமானார்.

குத்துச்சண்டை வீரர்களின் அறிவு தடுமாறுவதை டாக்டர் மார்ட்லாண்ட் 1928-லேயே எழுதியிருந்தார். ஆளைச் சாய்க்காத சிறு அடிகளும் வருடக்கணக்கில் சேர்ந்து மூளையைக் கெடுக்கலாம் என்பது இன்று தெரிந்த உண்மை. இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் அந்த நோய் உறுதியாகும். ராபின்சனின் மறதியில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஒன்று மட்டும் நிச்சயம். தலையில் அடிபட்டு மயங்கியவனை அன்றைக்கே மறுபடி ஆட விடக்கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். கை தட்டும் கூட்டம் அன்று மாலையே கலைந்துவிடும். அடிபட்ட தலையோடு வாழ வேண்டியவன் அவன்தான்.