அணையும் பள்ளியும் கட்டியவர்



தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணையைப் பார்த்திருப்பீர்கள். காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1957இல் அது கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் அவர் ஊர் ஊராகப் பள்ளிகளையும் திறந்தார். அணை கட்டினால் நெல் விளையும். பள்ளி திறந்தால் அரசுக்கு என்ன கிடைக்கும்? வாருங்கள், பார்ப்போம்.

காமராஜர் 1903 ஜூலை 15ஆம் தேதி விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மாள். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தார். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில் புத்தகங்கள் மூலம் தொடர்ந்தார்.

1954இல் முதல்வரானார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர், நம் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து அவர் 1953இல் கொண்டுவந்த திட்டத்தைக் காமராஜர் அரசு கைவிட்டது.

1951 கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேருக்கே எழுதப் படிக்கத் தெரியும். ஊரில் பள்ளி இல்லை. இருந்தாலும் வீட்டில் சோறு இல்லை. பசித்த வயிற்றில் பாடம் ஏறுமா? 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அரசோடு ஊர்மக்களும் அரிசியும் பணமும் தந்தனர். பிள்ளைகள் நடந்து போகும் தொலைவில் பள்ளிகள் வந்தன. சீருடை வந்தது. 1960களின் தொடக்கத்தில் பள்ளிப் படிப்பு முழுவதும் இலவசமானது.

பலன் உடனே தெரியவில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வரைபடம் பார்த்து அளவெடுக்க, இயந்திரத்தில் உள்ள எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டனர். காமராஜர் காலத்தில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அப்போது இளைஞர்களாகியிருந்தனர்! படித்தவர் சம்பாதித்தால் குடும்பம் நிமிரும்; அரசுக்கு வரி வரும்; அந்தப் பணத்தில் இன்னும் பல பள்ளிகள் எழும். கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவரை யாரும் ஏமாற்றவும் முடியாது.

காமராஜர் 1975 அக்டோபர் 2ஆம் தேதி மறைந்தார். அவர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆனால், அவர் தொடங்கிய வேலை முடிந்துவிடவில்லை. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 71 பேர்தான். உங்கள் தெருவில் பள்ளிக்கு வராத பிள்ளை இருந்தால், உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கையோடு அழைத்தும் வாருங்கள். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி!