ஆலையும் ஆடுகளமும்: சேர் தோராப்ஜி டாட்டாவின் வாழ்க்கை

தலவிலக் கடற்கரையிலே மாலைப் பொழுதில் நிற்போர் இரு காட்சிகளை ஒருங்கே காணலாம். ஒருபால், கரைவலையின் கயிற்றைப் பற்றித் தொழிலாளர் அணியாக நின்று இழுப்பர். மற்றொருபால், அவர்தம் பிள்ளைகள் ஈர மணலிலே உதைபந்து ஆடுவர். உழைப்பும் விளையாட்டும் ஒரே மணலைப் பங்கிட்டுக் கொள்கின்றன. கடற்கரை யாவர்க்கும் பொது. ஆதலின் ஆடுவதற்கு இடம் வேண்டுமென எவரிடமும் சென்று இரக்க வேண்டுவதில்லை. ஆயின், ஆலைகள் எழுந்த நகரங்களின் நிலை வேறு. அங்கே நிலம் விலைபெற்றது, காற்றும் புகைபட்டது, பொழுதோ சங்கொலிக்கு அடிமைப்பட்டது. அத்தகைய ஊரிலே உழைப்பவனுக்கு ஆடுகளம் தருவார் யார்?

இவ்வினாவுக்கு உருசிய நாட்டில் ஒரு விடை பிறந்தது. மாஸ்கோ நகருக்குக் கிழக்கே ஒரேகோவோ-சூயெவோ என்னும் ஊரில் மொரோசோவ் குடும்பத்தாரின் பருத்தி ஆலைகள் இருந்தன. அவற்றில் மேலாளராய்ப் பணியாற்றிய ஹரி சார்ணொக் என்னும் ஆங்கிலேயர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு ஓர் உதைபந்தாட்டக் கழகம் வளர்த்தார். ஓய்வு நாளில் மதுக்கடையை நாடும் கால்களை மைதானத்துக்குத் திருப்புவதே அவர் கருத்தென்பர். அக்கழகம் 1910 முதல் 1913 வரை தொடர்ந்து நான்காண்டுகள் மாஸ்கோ நகரப் போட்டியில் முதலிடம் பெற்றது. பின்னர் மாஸ்கோவின் மோட்டார் வாகன ஆலை ஈன்ற டோர்ப்பிடோ போன்ற கழகங்கள் அந்நாடெங்கும் எழுந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில், இந்திய நாட்டின் காட்டகத்தே ஓர் இரும்பாலை நகரம் எழுந்தது. அந்நகரின் திட்டத்திலே, ஆலைக்கு இடம் தேர்வதற்கு முன்னரே ஆடுகளத்துக்கு இடம் குறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கனவாகக் கண்டவர் தந்தை; நனவாக்கியவர் மைந்தர். அம்மைந்தரே சேர் தோராப்ஜி டாட்டா.

தோராப்ஜி 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் பம்பாயிலே பார்சி குலத்தில், ஜம்செட்ஜி டாட்டாவின் மூத்த புதல்வராய்ப் பிறந்தார். பம்பாயிலே தொடங்கிய கல்வி இங்கிலாந்துக்குச் சென்றது. 1877இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேயஸ் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டு பயின்றார். ஆங்கு அவர் நூலறிவோடு அமைந்துவிடவில்லை. கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் கல்லூரியின் சிறப்பு நிறத்தை அணியும் தகுதி பெற்றார், படகு வலித்தார், குதிரையேற்றம் பழகினார். தாயகம் மீண்டு, புனித சவேரியார் கல்லூரியில் 1882இல் பட்டம் பெற்றார்.

செல்வர் மகன் என்பதனால் அவர் உடனே தந்தையின் நாற்காலிக்கு அருகே அமரவில்லை. ஈராண்டு காலம் ஒரு பத்திரிகையில் எழுத்துப்பணி புரிந்தார். 1884இல் தந்தையார் அவரைத் தமிழ்நாட்டின் கரையிலுள்ள புதுச்சேரிக்கு அனுப்பினார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த அவ்வூரில் பருத்தித் தொழில் தொடங்கினால் பயன் விளையுமா என ஆராய்வதே பணி. அதன்பின் நாகபுரிக்குச் சென்றார். 1877ஆம் ஆண்டின் முதல் நாளில் ஜம்செட்ஜி திறந்த எம்பிரஸ் ஆலை அங்கிருந்தது. அவ்வாலையிலே தொழிலாளருக்கு 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்துக்கு ஈட்டுத்தொகையும் ஏற்பட்டன. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் இவை நிகழ்ந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. மைந்தர் கற்ற மெய்யான பாடசாலை அதுவே.

அவர் மெஹர்பாய் அம்மையாரை மணந்தார். சேலையுடுத்தே டென்னிஸ் ஆடிப் பரிசுகள் பல வென்றவர் அம்மையார். மகளிர் முன்னேற்றத்துக்கும், குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்துக்கும் உழைத்தவர். விளையாட்டை உயர்வாக மதித்த இருவர் இல்லறத்தில் இணைந்தனர்.

இந்திய மண்ணில் இந்தியர் முதலிட்டு எஃகாலை நிறுவ வேண்டும் என்பது ஜம்செட்ஜியின் பெருங்கனவு. 1902இல் வெளிநாட்டிலிருந்து தம் மைந்தருக்கு அவர் ஒரு மடல் வரைந்தார். ஆலை எங்கே அமையும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. தாது கூடக் கிடைத்தபாடில்லை. ஆயினும், எழவிருக்கும் நகரத்தில் தெருக்கள் அகன்றிருக்க வேண்டும், விரைந்து வளரும் நிழல்மரங்கள் நடப்படவேண்டும், சோலைகளுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும், உதைபந்தாட்டத்துக்கும் ஹொக்கிக்கும் பரந்த வெளிகள் விடப்படவேண்டும், பல சமயத்தாரின் வழிபாட்டிடங்களுக்கும் நிலம் குறிக்கப்படவேண்டும் என அம்மடலிலே விதித்தார். கோயிலும் ஆடுகளமும் ஒரே மூச்சிலே கூறப்பட்டமை சிந்திக்கற்பாலது.

அக்கனவின் முதற்படி இரும்புத் தாதைத் தேடுவது. அமெரிக்க நாட்டு நிலவியலறிஞர் வெல்டு என்பாரோடு தோராப்ஜி மத்திய மாகாணத்துச் சாந்தா மாவட்டக் காடுகளிலே மாட்டுவண்டியில் அலைந்தார். நீரும் அருமை, உணவும் அருமை, கிடைத்த தாதோ போதிய அளவினதன்று. தோல்வியைத் தெரிவித்து விடைபெறும் பொருட்டு அவர் நாகபுரியிலுள்ள அரசுச் செயலகத்துக்குச் சென்றார். காண வேண்டிய அதிகாரி அப்பொழுது அங்கில்லை. காத்திருந்த வேளையிலே அருகிலிருந்த அருங்காட்சியகத்துள் நுழைந்தார். அங்கே தொங்கிய நிலவியற் படமொன்றில், துர்க் மாவட்டத்தின் மீது இரும்பைக் குறிக்கும் நிறம் அடர்ந்து தீட்டப்பட்டிருந்தது. கைவிட எண்ணிய முயற்சி மீண்டும் தளிர்த்தது. துர்க் மாவட்டத்தில் இரும்பு மலையாகவே நின்றது. ஆயினும் ஆலைக்கு வேண்டிய நிலக்கரியும் நீரும் அண்மையில் இல்லை. பின்னர், அப்படத்தை வரைந்த அறிஞர் பி. என். போஸ் அவர்களே எழுதித் தெரிவித்தபடி மயூர்பஞ்சு மலைகளிலே வளமான தாது கிடைத்தது. சுவர்ணரேகை, கர்காய் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கருகே சாக்சி என்னும் சிற்றூர் ஆலைக்கு இடமாகத் தேரப்பட்டது.

அதனைக் காணத் தந்தை இருந்திலர். 1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் அவர் காலமாயினார். பாரம் முழுவதும் மைந்தர் தோளில் விழுந்தது. இலண்டன் நகரத்து முதலாளிகள் பொருள் தர முன்வந்திலர். ஆகவே 1907 ஆகஸ்டில் தோராப்ஜி தம் நாட்டு மக்களையே நோக்கி வேண்டுகோள் விடுத்தார். மூன்று வாரங்களில் ஏறத்தாழ 8,000 பேர் பங்கு வாங்கி மூலதனத்தை நிறைத்தனர். 1910இல் அரசு அவருக்குச் 'சேர்' பட்டம் வழங்கியது. 1912 பெப்ரவரி 16ஆம் நாள் சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவ்வாலை எட்டு மணி நேர வேலைநாளை ஏற்றுக்கொண்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி உழைப்பவனுக்கு ஆடுகளம் கொடுப்பது, கண் கட்டப்பட்டவனுக்கு ஓவியம் காட்டுவது போலாம். எட்டு மணியில் விடுபட்டவனுக்கே பந்து பயன்படும். முதலாம் உலகப் போரில் அவ்வாலையின் தண்டவாளங்கள் மெசப்பொத்தேமியா வரை சென்றன. போர் முடிந்தபின், 1919இல் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு அவ்வூருக்கு ஜம்ஷெட்பூர் எனப் பெயரிட்டார்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. அந்நிலம் ஆளற்ற வெளியன்று. சந்தால், ஹோ முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்த ஊர்கள் அங்கிருந்தன. நகரம் எழ, அவர்தம் நிலம் போயிற்று. ஆலையினுள்ளும் அமைதி என்றும் நிலைத்ததன்று. 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளிற் கூலியும் உரிமையும் வேண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மூன்றாவது போராட்டத்திற் சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளர் பக்கம் நின்று உடன்பாடு காண உழைத்தார். ஆடுகளம் கூலிக்கு ஈடாகாது. சோலை நீதிக்கு மாற்றாகாது. நல்ல எண்ணங்கொண்ட முதலாளியும் இப்பாடத்தைத் தொழிலாளரிடமே கற்க வேண்டியிருந்தது.

விளையாட்டின்பால் தோராப்ஜி கொண்ட பற்று ஆலை மதிலோடு நிற்கவில்லை. பூனாவிலுள்ள டெக்கான் ஜிம்கானாவின் தலைவராக அவர் இருந்த காலத்தில், அங்கு நிகழ்ந்த ஓட்டப் போட்டிகளில் உழவர் குடியிற் பிறந்த இளைஞர் வெறுங்காலோடு நெடுந்தூரம் ஓடினர். முறையான பயிற்சியில்லை, பாதணியில்லை, ஆயினும் அவர்தம் வேகம் ஐரோப்பியரின் வேகத்துக்கு மிகவும் தாழ்ந்ததன்று என்பதைத் தோராப்ஜியின் கண்கள் கண்டுகொண்டன. 1920இல் பெல்ஜியத்து அன்ட்வேர்ப் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவுக்கு ஓட்டக்காரரும் மல்லரும் கொண்ட ஒரு சிறு குழு இந்தியாவின் பெயரால் சென்றது. அச்செலவிலே பெரும்பங்கை அவரே ஏற்றார். நெடுந்தொலை ஓட்டமாகிய மரதனில் பதெப்பா சௌகுலே 19ஆம் இடம் பெற்றார். மற்போரில் ரந்தீர் சிந்தே நான்காம் இடம் வரை சென்றார். பதக்கம் வரவில்லை, ஆயினும் வழி திறந்தது.

1924இல் பாரிஸ் விழாவுக்கு மற்றொரு குழு சென்றது. அக்குழுவைப் பழக்கியவர்களுள் ஒருவர், சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹரி பக் என்பார்; தமிழ்நாட்டு உடற்பயிற்சி ஆசிரியர் பலருக்கு ஆசிரியராய் விளங்கியவர் அவர். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது தோராப்ஜி அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு பதவியை விட்டு விலகினார். அவ்வாண்டே அம்ஸ்டர்டாமில் இந்திய ஹொக்கி அணி பொற்பதக்கம் வென்றது. அவ்வணியின் தலைவர் ஜெய்பால் சிங், ஜம்ஷெட்பூர் அமைந்த அதே சோட்டா நாகபுரிப் பகுதியின் முண்டா பழங்குடியிற் பிறந்தவர். நிலமிழந்த மக்களின் இனத்தவன் ஒருவன் நாட்டுக்கு முதற்புகழ் தேடித்தந்தான் என்பதை வரலாறு மறக்கலாகாது.

தோராப்ஜியின் வாழ்விலே பெருஞ்சோதனை 1924இல் வந்தது. போருக்குப் பின் எஃகின் விலை வீழ்ந்தது. ஐரோப்பாவிலிருந்து மலிந்த எஃகு வந்து குவிந்தது. ஆலையின் இரும்பை வாங்கிவந்த ஜப்பானோ 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் நிலைகுலைந்திருந்தது. தொழிலாளருக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை என ஜம்ஷெட்பூரிலிருந்து பம்பாய்க்குத் தந்தி வந்தது. ஆலையைக் கைவிடுவதே அறிவு என்று சொல்வார் சொல்லினர். தோராப்ஜி வங்கிக்குச் சென்று, ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் பெறுமதியான தம் சொந்த உடைமை அனைத்தையும் ஈடுவைத்தார். அம்மையாரின் நகைகளும் அவற்றுட் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, கோஹினூரினும் இருமடங்கு பெரியதெனக் கூறப்படும் 245 கரட் எடையுள்ள ஜூபிலி வைரம். மனைவியின் கழுத்தணி தொழிலாளரின் கூலியாய் மாறிற்று. அவ்வாண்டே அரசு உள்நாட்டு எஃகுக்குப் பாதுகாப்பு வரி விதிக்க, ஆலை பிழைத்தது.

1931 ஜூனில் மெஹர்பாய் அம்மையார் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். மக்கட்பேறில்லாத தோராப்ஜி, அம்மையாரின் நினைவாக அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1932 மார்ச்சில், அந்த வைரம் உட்படத் தம் செல்வம் முழுவதையும் மற்றோர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். குலம், சமயம், ஊர் என்னும் வேறுபாடு அவ்வறத்துக்கு எல்லையாகக் கூடாதென விதித்தார். மனைவியின் கல்லறையைக் காணும் விருப்போடு ஐரோப்பா சென்றவர், 1932 ஜூன் 3ஆம் நாள் ஜெர்மனியிலே உயிர்நீத்தார். இங்கிலாந்தில் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர்தம் அறக்கட்டளையின் பொருளினாற் பம்பாயிலே 1936இல் சமூகப்பணிக் கல்லூரியும், 1941இல் புற்றுநோய் மருத்துவமனையும், 1945இல் அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் எழுந்தன.

வள்ளுவப் பெருந்தகை ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஈகை, இல்லையென்று வந்தவனுக்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவோ, ஊரோடு ஒத்து வாழும் கடமையை உணர்ந்து, கேளாமலே பொதுவுக்கு ஆவது செய்வது. பசித்தவனுக்குச் சோறிடுவோர் பலர்; அவன் பசி தீர்ந்தபின் மகிழ்ந்து ஓடியாட ஒரு வெளி வேண்டும் என்று எண்ணுவோர் சிலரே. தொழிலாளியைக் கையாக மட்டும் காணாமல் மனிதனாகக் காண்பவனுக்கே அவ்வெண்ணம் தோன்றும். தோராப்ஜியின் கொடைகள் பலவற்றுள்ளும் அந்த ஆடுகளத்தை நாம் தனித்துப் போற்றுவது இதனாலேயாம்.

அவ்விதை பொய்க்கவில்லை. 1987இல் ஜம்ஷெட்பூரில் டாட்டா உதைபந்தாட்டப் பயிற்சிக்கழகம் தோன்றி, இந்திய அணிக்கு வீரர் பலரைத் தந்தது. 2017இல் அதே எஃகு நிறுவனம் ஜம்ஷெட்பூர் உதைபந்தாட்டக் கழகத்தை நிறுவியது. 2021-22 பருவத்தில் இந்திய சுப்பர் லீக்கின் சுற்றுப்போட்டியில் அக்கழகம் முதலிடம் பெற்றுக் கேடயம் வென்றது. 120 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதத் தொடங்கிய வரி அன்று நிறைவெய்திற்று எனலாம். உருசிய நாட்டிலோ, டோர்ப்பிடோவை ஈன்ற மாஸ்கோ ஆலை வாகனம் செய்வதை நிறுத்திவிட்டது. கழகத்தின் பெயரோ இன்னும் நிலைக்கின்றது. ஆலை அழியினும் ஆட்டம் அழிவதில்லை.

இன்று நம் ஊர்களிலும் வெற்றுநிலம் சுருங்கி வருகின்றது. கட்டடம் எழுப்புவோர், கணக்கெழுதும்போது பிள்ளைகளின் பந்துக்கும் ஒரு வெளியைக் கணக்கில் எழுதுவாராக. கடற்கரை எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.