மேரி டீல்பி அம்மையார்

நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைக் கூறுவது உலக வழக்கு. அந்நாய் உறைவிடம் இழந்து தெருவில் திரியுங்கால் அதற்கு இரங்குவோர் மிகச் சிலரே. இரங்கியதோடு அமையாது, அதற்கென ஓர் இல்லமும் கண்டவர் மேரி டீல்பி அம்மையார்.

அம்மையார் இங்கிலாந்து நாட்டில் 1801ஆம் ஆண்டு பிறந்தார். கணவரைப் பிரிந்த பின்னர், லண்டன் மாநகரின் வடபகுதியில் வாழ்ந்து வந்தார். அந்நகரத் தெருக்களில் ஆதரவற்ற நாய்கள் பல அலைந்து மடிந்தன. ஒருமுறை அம்மையார் தம் தோழியாரைக் காணச் சென்றார். தோழியார் தெருவினின்றும் எடுத்து வந்த நாயொன்று, எலும்பும் தோலுமாய்ச் சமையலறையில் கிடந்தது. அம்மையார் அதனை அன்புடன் பேணினார். ஆயினும் அது பிழைக்கவில்லை.

அச்சாவு அவருடைய உள்ளத்தை வாட்டியது. இனி எஞ்சிய நாய்களையேனும் காத்தல் வேண்டும் எனத் துணிந்தார். பசித்துத் திரிந்த நாய்களைத் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார், இடம் போதாதாயிற்று. எனவே 1860ஆம் ஆண்டு, ஹாலோவே என்னும் பகுதியில், வழிதவறிய நாய்களுக்கும் பசித்த நாய்களுக்கும் உரிய தற்காலிக இல்லத்தைத் தொடங்கினார். உடையவர் தேடி வந்த நாய்கள் அவரிடமே ஒப்படைக்கப்பட்டன. ஏனையவற்றிற்குப் புதிய வீடுகள் தேடப்பட்டன.

மக்கள் வறுமையில் வாட, நாய்க்கு இல்லமா எனப் பலர் நகைத்தனர். இதனைத் தொடங்கினோர் அறிவு பிறழ்ந்தனரோ என்று 'டைம்ஸ்' நாளிதழும் எள்ளியது. அம்மையார் மனந்தளர்ந்தாரிலர். 1862இல், சார்லஸ் டிக்கின்ஸ் நடத்திய இதழில் இவ்வில்லத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. பரிசு பெறும் உயர்ந்த இன நாய்களின் கண்காட்சியை ஒருபுறமும், இவ்வில்லத்தை மறுபுறமும் அக்கட்டுரை காட்டியது. யார் வரினும் தம் தலைவரே வந்தார் என எண்ணி, கம்பிகளில் முகம் பதித்து நோக்கும் நாய்களின் ஏக்கம் படித்தோர் நெஞ்சை உருக்கியது.

1865இல் அம்மையார் புற்றுநோயால் மறைந்தார். ஐந்தே ஆண்டுகள் அவர் காத்த இல்லம், 1871இல் பேட்டர்சீ என்னும் இடத்திற்கு மாறியது. 1885இல் விக்டோரியா அரசியார் அதன் புரவலராயினார்.

இன்றும் அவ்வில்லம் நடைபெறுகின்றது. அங்கு வந்து சேரும் நாயின் உடல்நலத்தைக் கால்நடை மருத்துவர் ஆராய்வர். அது அஞ்சுகின்றதா, சினக்கின்றதா, மக்களுடனும் பிற நாய்களுடனும் இணங்குகின்றதா எனப் பழகி அறிவர். பின்னரே அதன் இயல்பிற்கேற்ற வீட்டில் சேர்ப்பர். ஓர் எளிய நாயின் சாவுக்கு இரங்கிய உள்ளம், பின்வந்த எண்ணற்ற உயிர்களுக்கு வாழ்வளித்தது.