ஆல்பிரட் வில்லியம் ஆல்காக்

ஆல்பிரட் வில்லியம் ஆல்காக் (ஜூன் 23, 1859 – மார்ச் 24, 1933) பிரித்தானிய மருத்துவரும் விலங்கியலாளரும் ஆவார். இந்தியாவைச் சூழ்ந்த ஆழ்கடல்களில் வாழும் தூண்டில் மீன்கள் பலவற்றை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்தவர் இவர்.

இளமை

ஆல்காக் பம்பாயில் ஒரு கப்பல் தலைவரின் மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் கல்வி பயின்று வந்த இவர், தந்தைக்கு ஏற்பட்ட பண இழப்பினால் 1876 இல் வயநாட்டின் காப்பித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார். காப்பித் தொழில் நலிவுற்றதும் கல்கத்தாவில் அலுவலகப் பணியும், டார்ஜீலிங்கில் பள்ளி ஆசிரியர் பணியும் செய்தார். பின்னர் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மருத்துவம் பயின்று, 1885 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

கப்பலில் ஆய்வு

1888 முதல் 1892 வரை இன்வெஸ்டிகேட்டர் என்னும் அரசு நீராவிக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இவர் பணியாற்றினார். கடலோர நிலப்படங்களுக்கான அளவாய்வே அக்கப்பலின் முதன்மைப் பணி. அதனூடே வங்காள விரிகுடா, அரபிக்கடல், அந்தமான் கடல் ஆகியவற்றின் அடியில் வலையிழுத்து உயிரினங்கள் திரட்டப்பட்டன.

தூண்டில் மீன்கள்

தூண்டில் மீனின் முதுகுத் துடுப்பின் முதல் முள் தலைக்கு முன்னே நகர்ந்து தூண்டிற்கோல் போல் அமைந்துள்ளது. அதன் நுனியிலுள்ள சதைப்பகுதி இரையைப் போல் அசைந்து சிறு மீன்களை ஈர்க்கும். அவை நெருங்கியதும் தூண்டில் மீன் வாயை விரைவாகத் திறந்து, நீருடன் சேர்த்து உள்ளிழுத்துவிடும். ஒளி புகாத ஆழங்களில் வாழும் இனங்கள் பெரும்பாலானவற்றில் பெண் மீன்களின் தூண்டில் நுனி, அதனுள் வாழும் பாக்டீரியாக்களால் ஒளிர்கிறது.

ஆல்காக் 1890 இல் வங்காள விரிகுடாவிலிருந்து பரோனெய்ரோடெஸ் என்னும் ஆழ்கடல் தூண்டில் மீனையும், 1891 இல் மால்தோப்சிஸ் என்னும் பேரினத்தையும் விவரித்தார். மால்தோப்சிஸ் மீன்களின் சிறு தூண்டில் முகத்திலுள்ள குழியொன்றில் அடங்கியிருக்கும். வலையில் ஏறிய மீன்களின் உடலமைப்பைக் கொண்டே அவற்றின் வாழ்முறையை உய்த்துணர வேண்டிய காலம் அது. கடலாழத்தில் அவை வேட்டையாடுவதை நேரில் காண அன்று வழியில்லை.

பிற்காலம்

1893 இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். இந்திய ஆழ்கடல் மீன்களின் விளக்கப் பட்டியலை 1899 இல் வெளியிட்டார். 1901 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவிலிருந்து ஓய்வுபெற்ற பின் லண்டனில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கற்பித்தார்.

தாக்கம்

அருங்காட்சியகத்தின் விலங்கியல் சேகரிப்புகள், 1916 இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனத்தின் அடித்தளமாயின. சில ஆழ்கடல் தூண்டில் மீன்களில் ஆண் மீன் மிகச் சிறியது என்பதையும், அது பெண்ணின் உடலில் ஒட்டி வாழ்கிறது என்பதையும் சார்லஸ் டேட் ரீகன் 1925 இல் கண்டறிந்தார். ஆழ்கடலில் உயிருடன் நீந்தும் தூண்டில் மீனொன்று 2014 இல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் படம்பிடிக்கப்பட்டது. அத்தகைய காட்சிகள் இன்றும் அரியவை. ஆதலால் ஆல்காக் செய்ததுபோல், திரட்டப்பட்ட மாதிரிகளை ஆராய்வதே இம்மீன்களை அறிவதற்கான முதன்மை வழியாக இருந்து வருகிறது.