மருந்தைக் கேள்வி கேட்ட அம்மையார்

எங்கப்பா பருத்திக் காட்டில் மருந்தடிக்கப் போகிற கூலியாள். டப்பாவில் மண்டை ஓடு படமே போட்டிருந்தாலும் எங்க ஊர்ல அதுக்குப் பேர் மருந்துதான். டிப்ளமோவில் கெமிக்கல் எடுத்த பிறகுதான் அந்தப் பேர் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. அதனால்தான் இந்த மலருக்கு ரேச்சல் கார்சன் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

1907 மே 27-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலம் ஸ்பிரிங்டேலில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். காலேஜ் செலவுக்கு இவருடைய தாயார் வீட்டுப் பீங்கான் சாமான்களை விற்றாராம். (எங்க வீட்ல அம்மாவோட கம்மல்.) எழுத்தாளராக ஆசைப்பட்டு இலக்கியத்தில் சேர்ந்தவர், நடுவில் உயிரியலுக்கு மாறினார். 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் எம்.ஏ. முடித்தார். அதற்குமேல் படிக்க வீட்டுக் கஷ்டம் விடவில்லை. 1935-ல் அப்பா இறந்தார். 1936-ல் அரசு மீன்வளத் துறையில் வேலை கிடைத்தது. மறுவருடமே அக்காவும் இறக்க, அவருடைய இரண்டு பெண்களையும் இவரும் தாயாருமே வளர்த்தார்கள். 1951-ல் கடலைப் பற்றி எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் டி.டி.டி. என்றால் அப்படி ஒரு மரியாதை. டைஃபஸ் பேனையும் மலேரியாக் கொசுவையும் அடக்கியது அதுதான். அதன் பூச்சிக்கொல்லி சக்தியைக் கண்டுபிடித்த முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசே கிடைத்தது. 1958-ல் மாசசூசெட்ஸிலிருந்து ஒரு தோழியின் கடிதம் வந்தது. கொசுவுக்காக விமானத்தில் மருந்து தெளித்த பிறகு வீட்டைச் சுற்றிப் பறவைகள் செத்துக் கிடந்தனவாம். அதிலிருந்து நாலு வருட உழைப்பு. 1962-ல் 'மௌன வசந்தம்' வெளிவந்தது.

அதில் வரும் கிளியர் ஏரிக் கதையை நாம அவசியம் தெரிஞ்சுக்கணும். கலிபோர்னியாவில் உள்ள ஏரி. கொசு மாதிரி ஒரு பூச்சியை ஒழிக்க டி.டி.டி. வகையைச் சேர்ந்த இன்னொரு ரசாயனத்தைக் கலந்தார்கள். தண்ணீரில் பத்து லட்சத்துக்கு 0.02 பங்குதான். ஆனால் அது கொழுப்பில் போய்த் தங்கும், லேசில் வெளியேறாது. மிதக்கும் நுண்ணுயிர்களில் 5 பங்கு ஆனது. அதைத் தின்ற மீன்களில் இன்னும் ஏறியது. மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு! தண்ணீரைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்போம், பறவையோ செத்துவிட்டது.

ரசாயனக் கம்பெனிகள் சும்மா விடவில்லை. உணர்ச்சிவசப்பட்ட பொம்பளை என்று கேலி பேசினார்கள். எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான் எதிர்த்தார். 1963-ல் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞானக் குழு அவர் பக்கம் பேசியது. அப்போது அவருக்கு மார்பகப் புற்றுநோய். வெளியே சொல்லாமலே செனட் குழு முன் சாட்சி சொன்னார். 1964 ஏப்ரல் 14-ல் 56 வயதில் காலமானார். 1972-ல் அமெரிக்காவில் டி.டி.டி. உபயோகம் பெரும்பாலும் தடையானதைப் பார்க்க அவர் இல்லை.

நம் நாட்டில் விவசாயத்துக்கு அது 1989-ல் தடையானது. அப்பா அடிப்பது வேறு மருந்து. லீவில் அவரிடம் ஏரிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்போ காய்ப்புழுவுக்கு என்னதான் பண்றது என்று கேட்டார். கார்சன் கடைசி அத்தியாயத்தில் பூச்சியை வேறு உயிர்களை வைத்தே அடக்குவது பற்றி எழுதியிருக்கிறார். படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.