ரோலண்டு ஹில்

ஆங்கில நாட்டின் நடுப்பகுதியில், கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற கிடர்மினிஸ்டர் என்னும் ஊரில், 1795ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் ரோலண்டு ஹில் பிறந்தார். அவர்தம் தந்தையார் தாமஸ் ரைட் ஹில், தாயார் சாரா. மக்கள் பலராகவும் வருவாய் சிறிதாகவும் இருந்த குடும்பம் அது. அஞ்சற்காரர் கதவைத் தட்டும் ஓசை பிற இல்லங்களில் மகிழ்ச்சியை விளைவிக்கும். சாரா அம்மையாருக்கோ அது நடுக்கத்தைத் தந்தது. அந்நாளில் மடலைப் பெறுவோரே அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தவேண்டும். உறவினர் நலத்தை அறிவிக்கும் மடல் வாயிலில் நிற்க, அதனை வாங்கக் கையில் காசில்லாது அவ்வன்னையார் தவித்ததுண்டு. ஒருமுறை கிழிந்த பழந்துணிகளை மூட்டையாகக் கட்டி, அதனை விற்று வருமாறு சிறுவர் ரோலண்டை அவர் கடைத்தெருவுக்கு அனுப்பினார். அஞ்சற் கட்டணத்தின் கொடுமையை ஹில் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். அதன் சுமையைத் தம் தோளிலேயே தாங்கிச் சென்றவர்.

இளமையில் அவர் உடல் மிக நலிவுற்றிருந்தது. முதுகெலும்பு வலுவின்றி இருந்தமையால் அடுப்பங்கரையில் விரித்த விரிப்பின்மேற் படுத்தே நாட்களைக் கழித்தார். அவ்வாறு கிடந்தபொழுது ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கி நூறாயிரங்கள் வரை எண்ணிக்கொண்டே போவது அவருக்கு விளையாட்டாயிற்று. எண்ணின்மீது அன்று பிறந்த காதல் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

தந்தையார் பர்மிங்காம் நகரத்தருகே பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே ரோலண்டு அப்பள்ளியில் கற்பிக்கவும் தொடங்கிவிட்டார். 1819ஆம் ஆண்டில் அப்பள்ளி ஹேசல்வுட் என்னும் இடத்திற் புதிதாகக் கட்டிய மாளிகைக்கு மாறியது. அம்மாளிகையை வகுத்தமைத்தவரும் அவரே. பிரம்பின்றிக் கல்வியில்லை என்று உலகம் நம்பியிருந்த காலத்தில் அப்பள்ளியிற் பிரம்புக்கு இடமில்லை. குற்றம் செய்த மாணவரை மாணவரே அமைத்த அறமன்றம் உசாவித் தீர்ப்பு வழங்கியது.

அக்காலத்து அஞ்சல் முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1635ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் மன்னர் அரச அஞ்சலைப் பொதுமக்களும் பயன்படுத்த இசைவளித்தார். அதன்பின் இரு நூற்றாண்டுகளில் அது அரசுக்கு வருவாய் ஈட்டித்தரும் துறையாகவே வளர்ந்தது. மடல் செல்லும் தொலைவுக்கு ஒரு கணக்கு, தாள்களின் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு எனக் கட்டணம் விதிக்கப்பட்டது. உறையிலிட்டால் உறையும் ஒரு தாளாக எண்ணப்படும். உள்ளே எத்தனை தாள்கள் உள்ளன என்பதை அறிய அலுவலர் மடலை விளக்கொளியின் முன் பிடித்து நோக்குவர். லண்டனிலிருந்து எடின்பரோ நகருக்கு ஒற்றைத் தாள் மடல் செல்ல ஒரு ஷில்லிங்கும் ஒன்றரைப் பென்னியும் ஆயின. ஏழைத் தொழிலாளி ஒருவரது ஒருநாட் கூலியின் பெரும்பகுதியை அஃது விழுங்கிவிடும். பாராளுமன்ற உறுப்பினர்க்கோ கட்டணமே இல்லை! தம் கையெழுத்தை மேலுறையில் இட்டுத் தமக்கும் நண்பர்க்கும் அவர்கள் இலவசமாக மடல் விடுத்தனர். செல்வர் கட்டணமின்றி எழுத, வேலை தேடி வெளியூர் சென்ற மகனின் செய்தியறியாது ஏழைத் தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாள்.

இத்தொடர்பில் ஒரு நிகழ்ச்சி பலராலும் கூறப்படும். பெண்ணொருத்தி தன் உடன்பிறந்தான் விடுத்த மடலைக் கட்டணம் கொடுக்க இயலாதென மறுத்தாள். அவ்வழி வந்த ஒருவர் இரங்கித் தாமே பணம் கொடுத்து வாங்கித் தந்தார். பிரித்துப் பார்த்தால் அஃது எழுத்தே இல்லாத வெறுந்தாள்! அவன் நலமாயிருக்கின்றான் என்பதற்கு அவ்வெறுந்தாள் வருகையே அடையாளம் என்று இருவரும் முன்னரே உறுதிசெய்திருந்தனர். இரங்கியவர் ஹில் என்பாரும் உளர், அது பிழை. அந்நிகழ்ச்சியைக் கண்டவர் கவிஞர் கோல்ரிட்ஜ். ஹில் அதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டினாரேயன்றித் தமக்கு நிகழ்ந்ததாகக் கூறவில்லை.

பாராளுமன்ற உறுப்பினர் ராபர்ட் வாலஸ் என்பவர் அஞ்சல் துறை பற்றிய அறிக்கைகளைக் கட்டுக்கட்டாக ஹில்லுக்கு அனுப்பினார். எண்களில் ஊறிய அவர் அவற்றை நுணுகி ஆராய்ந்து வியத்தகு முடிவொன்றைக் கண்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு மடலைக் கொண்டுசெல்ல ஆகும் உண்மைச் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கே! அவ்வாறாயின் பணம் போகும் வழி யாது? ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியே கட்டணம் கணிப்பதிலும், வீடுதோறும் நின்று காசு பெறுவதிலும், அதற்குக் கணக்கு எழுதுவதிலுமே செலவு மிகுந்தது. ஆகவே தொலைவைக் கருதாது, அரை அவுன்சுக்கு ஒரு பென்னி என நாடெங்கும் ஒரே கட்டணம் வைக்கவேண்டும். விடுப்பவரே அதனை முன்னதாகச் செலுத்தவேண்டும் என்று 1837ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதி அரசின்முன் வைத்தார். முத்திரை பொறித்துப் பின்புறம் பசை தடவிய சிறு தாள் துண்டு பற்றியும் அவ்வாண்டிலேயே அவர் எடுத்துரைத்தார்.

அஞ்சல் தலைவர் லிச்பீல்டு பிரபு இதனைப் பித்தர் கனவென இகழ்ந்தார். மடல்கள் பெருகினால் அஞ்சல் மாளிகையின் சுவர்களே வெடித்துவிடும் என்றும் வாதிட்டார். மடல்களின் அளவுக்கு மாளிகையா, மாளிகையின் அளவுக்கு மடல்களா என்று ஹில் வினவினார். வணிகர் குழு அமைத்துப் போராடினர். ஈராயிரத்திற்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் பாராளுமன்றத்திற் குவிந்தன. 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. 1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள் ஒரு பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில், விக்டோரியா அரசியாரின் இளமைத் திருமுகம் பொறித்த கரிய அஞ்சல் தலை வெளிவந்தது. ஒட்டுவதற்குரிய அஞ்சல் தலைகளை நாடு முழுமைக்கும் முதன்முதல் வழங்கியது அந்நாடே. அதனால் பிரிட்டனின் அஞ்சல் தலைகள் தம் நாட்டின் பெயரைத் தாங்குவதில்லை. அத்தலையின்மேல் இட்ட சிவப்பு முத்திரையைச் சிலர் அழித்துவிட்டு மீண்டும் ஒட்டலாயினர். மறு ஆண்டே தலை சிவப்பாகவும் முத்திரை கறுப்பாகவும் மாற்றப்பட்டன. டண்டி நகரத்து ஜேம்ஸ் சாமர்ஸ் என்பவரே ஒட்டும் தலையை முதலிற் கருதினார் என்னும் வழக்கும் உண்டு. ஹில் அதனை ஏற்றாரல்லர்.

1839இல் ஏறத்தாழ ஏழரைக் கோடியாயிருந்த மடல்கள் அடுத்த ஆண்டில் பதினாறு கோடியைக் கடந்தன. ஆயினும் துறையின் நிகர வருவாய் பெரிதும் வீழ்ந்தது. பழைய அளவை அஃது எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. விரைவில் ஈடாகிவிடும் என்று எண்ணிய ஹில்லின் கணக்கு இவ்வொன்றில் தவறியது என்பதை ஒப்பவேண்டும். பகைவர்க்கு அதுவே வாய்ப்பாயிற்று. ஆட்சி மாறியதும் 1842ஆம் ஆண்டில் அவர் பதவியினின்று நீக்கப்பட்டார். ஊதியமின்றியேனும் சிலகாலம் பணிபுரிவேன் என்று கேட்டும் பயனில்லை. பின்னர் அவர் பிரைட்டன் இருப்புப்பாதைக் கழகத்தை ஏற்று நடத்தினார்.

மக்கள் அவரை மறந்தாரல்லர். 1846இல் பொதுமக்கள் திரட்டிய 13,000 பவுன் அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டே அஞ்சல் துறைக்கு அழைக்கப்பெற்று, 1854இல் அதன் செயலாளரானார். லண்டன் மாநகரைப் பத்து அஞ்சல் வட்டங்களாகப் பகுத்தமை அவர் காலத்ததே. தம் கருத்துக்கு மாறுபட்டோரைப் பொறுக்கும் இயல்பு அவர்பால் குறைவு. அதனால் உடன் பணிபுரிந்தோர் பலர் மனம் கசந்தனர்.

அவ்வாண்டாகிய 1854இல் இந்தியாவிலும் அம்முறை பரவியது. தொலைவுக்கேற்ற கட்டணம் ஒழிந்து, கால் தோலா எடைக்கு அரையணா என நிலைபெற்றது. சென்னையிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் மடலும் லாகூருக்குச் செல்லும் மடலும் ஒரே விலையின ஆயின.

உடல்நலம் குன்றவே 1864இல் ஹில் பதவி துறந்தார். அதற்குள் ஆண்டு மடல்கள் அறுபது கோடியைத் தாண்டியிருந்தன. 1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், எண்பத்துமூன்றாம் வயதில், ஹாம்ப்ஸ்டெட்டில் அவர் உயிர்நீத்தார். பழந்துணி மூட்டை சுமந்த அச்சிறுவரின் உடல், மன்னரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மினிஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றது.