சவேரியாரின் கோடுகள் கூடும் மலாக்கா

பங்சாரிலிருந்து மலாக்காவுக்குக் காரில் இரண்டு மணி நேரம். அதே மலாக்காவில் பாய்மரக் கப்பலில் ஐந்து முறை வந்து இறங்கியவர் புனித பிரான்சிஸ் சவேரியார்.

1506இல் இன்றைய ஸ்பெயினின் நவாராவில் பிறந்தவர், 1542இல் கோவா வந்தார். அவருடைய கடிதங்களில் ஊரும் தேதியும் இருப்பதால், போன வழியை இன்று கைப்பேசி வரைபடத்திலேயே குறித்துவிடலாம். முத்துக்குளித்துறையில் புள்ளிகள் நெருக்கமாக விழும்: மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி. ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு பரதவர் ஊர்களில் நடந்தே திரிந்த காலம் அது.

1545இல் மயிலாப்பூரிலிருந்து கோடு கடல் தாண்டி மலாக்காவைத் தொடுகிறது. அம்போன் போனாலும், 1549இல் ஜப்பான் போனாலும் திரும்பி வருவது இங்கேதான். காரணம் காற்று. பருவக்காற்று மாறும்வரை கப்பல்கள் இந்தத் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்பை எந்தச் செயலியின் கோடும் காட்டாது.

1552இல் சீனாவுக்குத் தூதுக்குழுவோடு போகவிருந்தவரை மலாக்காவின் போர்த்துகீசியத் தளபதி மறித்தார். தூதுக்குழு நின்றுபோனது, சவேரியார் நிற்கவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி, சீனக் கரை கண்ணுக்கு எட்டும் சாங்சுவான் தீவில் காய்ச்சலில் இறந்தார்.

மறு ஆண்டு அவர் உடலும் மலாக்காவுக்கே வந்தது. சில மாதங்கள் செயின்ட் பால் குன்றில் அடக்கம் செய்யப்பட்டிருந்து, 1554இல் கோவா போய்ச் சேர்ந்தது. குன்றின் மேல், கூரையில்லாத அந்தப் பழைய தேவாலயத்துக்குள், வெறுமையான குழி இன்றும் கம்பி வலைக்கு அடியில் இருக்கிறது.